நாலு புள்ளி மூணு ஏழு

உறையில் அச்சடித்திருப்பது நாலு புள்ளி ஏழு.
டிஸ்க்கை உள்ளே தள்ளினால் கம்ப்யூட்டர் காட்டுவது
நாலு புள்ளி மூணு ஏழு.
மாங்காய் மண்டியில் டன்னுக்கு இத்தனை கிலோ என்று
கழிவு பிடிப்பார்களே, அது மாதிரி.
யாரிடம் போய்க் கேட்பது.

ஆடியிலிருந்தே ஹார்ட் டிஸ்க்குக்குள்
ஒரு பல்லி கத்திக்கொண்டிருந்தது.
கேமரா மாதேஷ் காதை வைத்துக் கேட்டுவிட்டு
"ஒரு மாசம் தாங்கும்" என்றான்.
ஒன்பது வருஷம் அதற்குள் இருக்கிறது.
காவேரிப்பட்டணத்துச் சத்திரங்கள் மொத்தமும்,
அகரம், பாரூர், போச்சம்பள்ளி,
நாகரசம்பட்டியில் மழையில் நனைந்த ஒரு வரவேற்பு.
மேஜையில் ஐம்பது வெற்று டிஸ்க்.
"ஒரு விசேஷத்துக்கு ஒண்ணு, பவுனு. மிஞ்சினா வெட்டிடு"
என்று டீக்கு இறங்கிப் போனார் முதலாளி.

திம்மராயன் கல்யாணம் ஐந்து புள்ளி ஒன்று.
தரத்தைக் குறைத்துப் பார்த்தேன்.
ஓமப் புகை கட்டம் கட்டமாக உடைந்தது.
பெண்ணின் மூக்குத்தி கன்னத்தோடு கரைந்தது.
தூணில் சாய்ந்து தூங்கிய ஒரு பெரியவர் மட்டும்
மயிர்க்கால் தெரிய அப்படியே இருந்தார்.
அசையாதவர்களுக்கு அதிகம் இடம் தேவைப்படுவதில்லை.

திரும்பவும் பழையபடி வைத்தேன்.

மொய் மேஜை இருபத்திரண்டு நிமிஷம்.
ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு மாதேஷ் பந்திக்குப் போயிருக்கிறான்.
ஒரு நோட்டு, குத்துவிளக்கில் பாதி,
எழுதுகிறவரின் வழுக்கை.
கைகள் மட்டும் வந்துகொண்டேயிருக்கின்றன.
மைக்கில், "பண்ணந்தூர் லகுமையன், நூத்தியொண்ணு."
அழிக்க மனசு வரவில்லை. எடுத்துத் தனியாக வைத்தேன்.
குருபரப்பள்ளி சம்பூர்ணம் மகள் சடங்கில்
கடைசியில் அந்த அளவுக்கே இடம் கிடந்தது.
இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.
ஒரே தட்டில் வைத்தேன்.

ஒரு மணி நேரம் கரண்ட், ஒரு மணி நேரம் இருட்டு,
அந்த வருஷம் அப்படி.
எண்பத்தேழு சதவீதத்தில் போய்விட்டது.
வெளியே வந்த டிஸ்க்கை
எந்தப் பெட்டியும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை.
நாளைக்கு இன்னொன்று போடலாம் என்று வீட்டுக்குப் போனேன்.
மறுநாள் பல்லி கத்தவில்லை.

கார்த்திகையில் கரியப்பன் வந்தார்,
திம்மராயனுக்குப் பெரியப்பா மகன்.
செருப்பைக் கழற்றவில்லை.
"ஐயாயிரம் வெச்சேன். நோட்டுல ஐநூறுன்னு இருக்குதாம்.
எம் பொண்ணு கல்யாணத்துக்கு
ஐநூறைக் கவர்ல போட்டு நீட்டுறான்.
மைக்ல சொன்னாங்க இல்ல? அதைப் போடு."

நாற்பத்தொன்பது டிஸ்க்கையும் எண்ணிக் காட்டினேன்.
ஐம்பதாவது எங்கே என்றார்.

மாதேஷின் மாமனார் ராகிக் கொல்லையில்
குச்சி நட்டு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.
முதல் வாரம் கிளிகள் பயந்தனவாம்.
இப்போது பக்கத்துக் கதிரிலேயே
உட்கார்ந்து தின்கின்றன.
காற்றுக்குத் திரும்பி, கண்ணில் வெயிலடித்து,
மறுபடியும் திரும்பியது.

பிடித்து நிறுத்திக் காட்டினேன்.
"உள்ளேயிருந்து வெளியே எழுதும்ணா.
இதோ, நிறம் மங்கினாப்பல இருக்குதே,
இதுவரைக்கும் சடங்கு. மஞ்சத்தண்ணி, சீர்த்தட்டு எல்லாம்.
உங்க மொய் இந்த ஓரத்துல வந்திருக்கணும்."

ஓரத்தில் விரலகலத்துக்கு வெறும் வெள்ளி.
கரியப்பன் குனிந்து அதைப் பார்த்தார்.
மீசை தெரிந்திருக்க வேண்டும், ஒருமுறை நீவிக்கொண்டார்.
பிறகு மைக்கில் சொல்வதுபோலக் குரலை உயர்த்தி
ஊர் பேர், அப்பா பேர், தன் பேர்,
"ஐயாயிரம்" என்றார்.

கிளிகள் எழும்பின.
கொஞ்ச தூரம் போய் உட்கார்ந்துகொண்டன.